18 ஆகப்போற பிள்ளைக்கு ஆன்லைன் ட்ரைவிங் கோர்ஸ்: எது உதவும், எது காசுக்குக் கேடு?

வாவிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். மகன் உயர்தரம் எழுதி முடிச்சிட்டான், அடுத்த மாதம் 18 வயது. ஃபேஸ்புக்கில் ஒரு ஆன்லைன் சாரதிப் பயிற்சி விளம்பரம் பார்த்தோம். 6 மணித்தியாலம் வீடியோ, கடைசியில் ஒரு சோதனை, பாஸானால் சான்றிதழ். எல்லாம் இங்கிலிஷில். இந்தச் சான்றிதழைக் கொண்டுபோனால் எழுத்துப் பரீட்சை எழுதத் தேவையில்லை என்று அவனுடைய கூட்டாளிமார் சொல்லுறாங்களாம். உண்மையா? காசு கட்டுறதா, இல்லாட்டி நேரே லேர்னர்ஸில் (சாரதிப் பயிற்சிப் பாடசாலையில்) சேர்க்கிறதா? பைக், கார் இரண்டுக்கும் எடுக்க நினைக்கிறோம். இருக்கிறது மட்டக்களப்பு டவுன். ஆன்லைனில் படிக்கிறதால் பிரயோசனம் உண்டென்றால், எதை, எப்படிப் படிக்க வேணும் என்றும் விவரமாகச் சொன்னால் நல்லம்.

ஊறணிச் சந்தி

அக்கா, முதலில் சான்றிதழ் விசயம். அதைக் காட்டி எழுத்துப் பரீட்சையிலிருந்து விலக்கு வாங்க முடியாது. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் நடத்தும் பரீட்சையைப் பிள்ளை தானே போய் எழுதத்தான் வேணும். அந்தச் சான்றிதழுக்காக ஒரு சதமும் கட்ட வேண்டாம்.

ஒழுங்கு இப்படித்தான் போகும். முதலில் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் மருத்துவச் சான்றிதழ். நேரத்தை ஆன்லைனிலேயே பதியலாம். கண்ணாடி போடுற பிள்ளையென்றால் கண்ணாடியோடு போக வேணும். வாசிக்கும்போது தலையிடிக்குது என்று சொல்லுற பிள்ளையை அதற்கு முதலே கண் டொக்டரிடம் காட்டிவிடுங்கள். அங்கே போய்ப் பார்வை குறைவென்று தெரியவந்தால் கண்ணாடி செய்து திரும்பப் போக வேண்டி வரும், நாள்தான் வீண். சான்றிதழ் 6 மாதத்துக்குச் செல்லும். அதனால் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கையில் வந்த பிறகே மெடிக்கலுக்குப் போங்கள். பிறகு விண்ணப்பம், எழுத்துப் பரீட்சை, பயிற்சி அனுமதிப்பத்திரம், ட்ரயல் என்கிற ஓட்டப் பரீட்சை.

விண்ணப்பத்தில் வாகன வகுப்பைக் கவனமாகப் போடுங்கள். மோட்டார் சைக்கிளில் ஏ1 என்பது 100 சிசி வரைக்கும்தான். இப்போது பிள்ளைகள் ஓடுற ஸ்கூட்டிகளில் அநேகம் 110, 125 சிசி. ஆகவே ஏ போட வேணும். காருக்கு பி. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் போடலாம். பிறகு சேர்க்கப் போனால் இன்னொரு அலைச்சல்.

எழுத்துப் பரீட்சையில் 40 கேள்வி, ஒரு மணித்தியாலம், 30 சரியென்றால் பாஸ். தமிழிலும் எழுதலாம். ஆன்லைன் படிப்பு உண்மையாகவே கைகொடுக்கிற இடம் இதுதான். ஆனால் எந்த வீடியோ என்பதைப் பார்த்து எடுக்க வேணும். யூடியூப்பில் தமிழில் தேடினால் முதலில் வருவது இந்திய வீடியோக்கள். அவர்களும் இடது பக்கம்தான் ஓடுகிறார்கள், அதனால் எல்லாம் ஒன்றுதான் என்று பிள்ளை நம்பிவிடும். பலகைகளைப் பாருங்கள். இந்தியாவில் எச்சரிக்கைப் பலகை சிவப்புக் கரை போட்ட முக்கோணம். நம்மிடம் மஞ்சள் நிறச் சாய்சதுரம். முக்கோணத்தை மனப்பாடமாக்கிய பிள்ளை கேள்வித்தாளில் மஞ்சள் சாய்சதுரத்தைக் கண்டதும் தடுமாறும். தலைகீழ் முக்கோணம் வழிவிடச் சொல்வது, எண்கோணம் நிற்கச் சொல்வது, சிவப்பு வட்டம் தடை, நீல வட்டம் கட்டாயம். இந்த நான்கு வடிவத்தையும் முதல் நாளே கண்ணில் பதித்துவிட்டால் பலகைக் கேள்விகளில் பாதி முடிந்தது.

வேக எல்லையும் நம்முடையதைத்தான் படிக்க வேணும். கார், பைக்குக்கு ஊர்மனைக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியில் 70. பஸ், லொறிக்கு 50, 60. ஆட்டோவுக்கு எங்கேயும் 40. அதிவேகப் பாதையில் 100. இரத்தத்தில் மதுசாரம் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் என்பது சட்ட எல்லை.

இன்னொன்று, இதை ஒருவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. தமிழில் எழுதுற பிள்ளைக்குக் கஷ்டம் தருவது சட்டமில்லை, சொல். வாயில் வருவது சிக்னல், ஓவர்டேக், ரவுண்டபௌட், யெல்லோ குரொஸிங். தாளில் வருவது சமிக்ஞை, முந்திச் செல்லல், சுற்றுவட்டம், பாதசாரிக் கடவை. ஒரு கொப்பியில் இடது பக்கம் பேச்சுச் சொல், வலது பக்கம் தாளின் சொல் என்று நாற்பது, ஐம்பது சொல்லை எழுதவிடுங்கள். லேர்னர்ஸில் தருகிற கேள்வி-விடைப் புத்தகத்திலிருந்தே அதை எடுக்கலாம். பிழைத்த கேள்விகளை மட்டும் தனிப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டு வரவேணும். மாதிரித்தாளில் மூன்று தரம் தொடர்ந்து 36க்கு மேல் எடுத்த பிறகு பரீட்சைக்குப் போகலாம். 30, 31 எடுத்துக்கொண்டு போவது சூதாட்டம்.

சம்மாந்துறை வீதி

மேலே சொன்னதெல்லாம் சரி. நான் ஓட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். பிள்ளைகள் விழுகிற இடம் அது.

எழுத்து பாஸாகி 3 மாதம் கழித்துத்தான் ட்ரயல். பயிற்சி அனுமதிப்பத்திரம் 18 மாதம் செல்லும். அந்த 3 மாதம்தான் உண்மையான கோர்ஸ். ஆனால் நம்ம பக்கம் என்ன நடக்குது? எழுத்து முடிந்ததும் வாகனத்தை மறந்துவிட்டு, ட்ரயலுக்கு ஒரு கிழமைக்கு முதல் லேர்னர்ஸுக்கு ஓடிப்போய் நாலு ரவுண்ட் அடிக்கிறது. கையும் காலும் ஒரு கிழமையில் பழகாது. கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் போதும். ஒரே நாளில் மூன்று மணித்தியாலம் ஓடவிட்டால் கடைசி ஒரு மணித்தியாலம் களைப்பில் பிழையைத்தான் பழகும். எல் போர்ட் முன்னுக்கும் பின்னுக்கும், பக்கத்துச் சீட்டில் லைசன்ஸ் உள்ள பயிற்றுநர்.

பைக்கில் எட்டு வடிவத்தில் ஓடிக் காட்டுறது. வீடியோ பார்த்தால் இலேசு, ஏறினால்தான் தெரியும். விழுவதற்குக் காரணம் மூன்றுதான். ஒன்று, கண் முன் டயரைப் பார்ப்பது. கண் போகிற இடத்துக்குத்தான் பைக் போகும். வளைவின் பாதியில் இருக்கும்போதே தலை அடுத்த வளைவுக்குத் திரும்பியிருக்க வேணும். இரண்டாவது, ஹேண்டில் வளைந்திருக்கும்போது முன் பிரேக்கைப் பிடிப்பது. பிடித்த கணமே பைக் உள்பக்கம் சாயும், கால் நிலத்தில் படும், பெயில். எட்டுக்குள் பின் பிரேக் மட்டும்தான், அதுவும் மெல்லத் தடவுவது போல. மூன்றாவது, அக்சிலரேட்டரை விட்டு விட்டுத் திருகுவது. முதல் கியரில் ஒரே அளவாக வைத்துக்கொண்டு, வேகத்தைப் பாதிக் க்ளட்சால் கட்டுப்படுத்த வேணும். நடக்கிற ஆள் கூடவே வரக்கூடிய வேகம். ஸ்கூட்டியில் க்ளட்ச் இல்லை என்பதால் பின் பிரேக்கை இலேசாகப் பிடித்தபடியே அக்சிலரேட்டர் கொடுக்கப் பழக வேணும்.

வீட்டு வளவில் நாலு வெற்றுப் போத்தலில் மணல் நிரப்பி வைத்து முதலில் பெரிய எட்டு, பிறகு நாளுக்கு ஒரு சாண் குறைத்துக்கொண்டு வாருங்கள். கடற்கரை மணலில் பழகக் கூடாது. முன் டயர் புதைந்து பிள்ளைக்குப் பயம் பிடித்துவிடும்.

கைச் சமிக்ஞையையும் எட்டு பழகும் அதே நாட்களில் பழக வேணும். ஒரு கையை விட்டு 10 மீற்றர் நேராகப் போக வராத பிள்ளை, வலப்பக்கம் கை காட்டும்போது ஹேண்டிலையும் சேர்த்து வலப்பக்கம் இழுத்துவிடும்.

காரில் நம்ம பிள்ளைகளுக்கு ஒரு தனிக் குறை இருக்குது. மட்டக்களப்பும் அம்பாறைக் கரையோரமும் கைத்தட்டு மாதிரிச் சமதரை. மேட்டில் நிறுத்தி எடுக்கிற பழக்கமே வராது. பிறகு மகாஓயா தாண்டி பதுளைப் பக்கம் ஏறும்போது வாகனம் பின்னுக்கு உருள, பிள்ளைக்குக் கை நடுங்கும். வாகனப் போக்குவரத்து இல்லாத வயல் வீதியில் மதகடியில் ஏறும் சின்ன மேடு போதும். கைப் பிரேக் இழுத்து, முதல் கியர் போட்டு, வாகனத்தின் மூக்கு இலேசாக எழும்பும் வரை க்ளட்சை விட வேணும். அந்த இடத்தில் பாதத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு கைப் பிரேக்கை இறக்கினால் வாகனம் நிற்கும், பின்னுக்குப் போகாது. அதன்பிறகு அக்சிலரேட்டர். ஒரு நாளைக்கு இருபது தரம். பாலத்தில் மட்டும் பழக்க வேண்டாம், பின்னால் வருகிறவருக்கு அது ஆபத்து.

என்ஜின் அடிக்கடி நிற்குதென்றால் பிள்ளையை ஏசாமல் சீட்டைப் பாருங்கள். க்ளட்சை முழுவதும் அமத்தும்போது முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேணும். காலை எட்டி நீட்ட வேண்டியிருந்தால் க்ளட்சை மெல்ல விடவே முடியாது. கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் படவேணும். கண்ணாடிகளைச் சரிசெய்வது அதற்குப் பிறகு. முதலில் கண்ணாடி, பிறகு சீட் என்று செய்தால் இரண்டு வேலை.

வாவிக்கரை

தம்பிமார் இரண்டு பேருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். கனடாவில் இருக்கிற எங்கட ஆக்கள் அங்கே பிள்ளைகள் ஆன்லைனில் படித்துத்தான் லைசன்ஸ் எடுக்கிறாங்க என்றும், அதே கோர்ஸை மகனுக்கும் வாங்கித் தாறம் என்றும் சொல்லுறாங்க. அதுவும் வேண்டாமா?

களுவாஞ்சிகுடி_ஒன்டாரியோ

அவர்கள் சொல்வது பொய்யில்லை அக்கா, ஆனால் அது இங்கத்தைய சட்டத்துக்குள் இருக்கிற விசயம். ஒன்டாரியோவில் 16 வயதில் ஜி1 என்ற முதல் கட்டப் பயிற்சி லைசன்ஸை எடுக்கலாம். பலகைகளில் 20 கேள்வி, விதிகளில் 20 கேள்வி, ஒவ்வொன்றிலும் 16 சரியாக வேணும். பிறகு மாகாண அரசு அங்கீகரித்த ஆரம்பச் சாரதிக் கல்வி என்று ஒன்று உண்டு. அதில் 20 மணித்தியால வகுப்பை ஆன்லைனில் செய்யலாம். ஆனால் அதோடு வாகனத்துக்குள் பயிற்றுநருடன் 10 மணித்தியாலமும் வீட்டுப் பயிற்சி 10 மணித்தியாலமும் சேர்ந்தால்தான் கோர்ஸ் முடிந்ததாகக் கணக்கு. முடித்தால் அடுத்த ஓட்டப் பரீட்சைக்குக் காத்திருக்கும் காலம் 12 மாதத்திலிருந்து 8 மாதமாகக் குறையும். அந்த இடைக்காலத்தில் நள்ளிரவு முதல் விடிய 5 மணி வரை ஓட முடியாது, பக்கத்தில் 4 வருட அனுபவம் உள்ளவர் இருக்க வேணும், இரத்தத்தில் மதுசாரம் பூச்சியம். கட்டுப்பாடுகள் இத்தனை சுற்றிவர இருப்பதால்தான் திரையில் படிப்பதற்கு இங்கே ஒரு பெறுமதி.

அதே கோர்ஸை மட்டக்களப்பில் இருந்து படித்தால் கெடுதல்தான் கூட. இங்கே கனடாவில் வலது பக்கம் ஓட்டம். எதிரே வருகிற வாகனத்தைக் குறுக்கறுத்துத் திரும்புவது இங்கே இடப்பக்கத் திருப்பம், அங்கே வலப்பக்கத் திருப்பம். சுற்றுவட்டத்தில் இங்கே இடமிருந்து வருகிறவருக்கு வழி விட வேணும், அங்கே வலமிருந்து வருகிறவருக்கு. சிவப்பு விளக்கில் நின்று பார்த்து வலப்பக்கம் திரும்ப இங்கே அனுமதி உண்டு. அதைக் கேட்ட பிள்ளை அங்கே சிவப்பில் இடப்பக்கம் திரும்பினால், பலகையோ பச்சை அம்போ இல்லாத இடத்தில் அது குற்றம். புதிதாகப் பழகுகிறவரின் மூளையில் இரண்டையும் ஒன்றாக ஏற்றக் கூடாது.

வெளிநாட்டுப் பொருளில் ஒன்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்: பிரித்தானியாவின் ஆபத்தை உணரும் பரீட்சைக்கான மாதிரி வீடியோக்கள். அங்கேயும் இடது பக்க ஓட்டம். உண்மைப் பரீட்சையில் 14 வீடியோத் துண்டுகள், அதில் 15 ஆபத்துகள், 75க்கு 44 எடுத்தால் பாஸ். ஆபத்து உருவாகத் தொடங்கும்போதே அழுத்தினால் கூடப் புள்ளி, பிந்தினால் குறைவு. நிறுத்திய வானுக்குப் பின்னால் ஒரு காலடி தெரிவதைக் கவனிக்கப் பழக்குகிற வித்தை அது. விதி கேள்விகளை விட்டுவிட்டு இந்த வீடியோக்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இலவசமாகவே நிறையக் கிடைக்கும், 360 தரத்தில் பார்த்தாலும் போதும், டேட்டா அதிகம் போகாது.

ஊறணிச் சந்தி

ஒன்டாரியோ அண்ணன் சொன்னது அருமையான விசயம். அதையே நம்ம வீதியில் காசில்லாமல் செய்யலாம். பஸ்ஸில் முன் சீட்டில், ஆட்டோவில், உங்கள் பைக்கில் பின்னுக்கு இருக்கும்போது, பிள்ளை கண்ணில் படுகிற ஆபத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வரவேணும். "இடப்பக்கம் ஆட்டோ, ஆள் இறங்குது, கதவுப் பக்கம் பிள்ளை." "முன்னால் லாண்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்), பின் லைட் இல்லை." "பாதசாரிக் கடவை, லொறி மறைக்குது." கல்லடியிலிருந்து ஆரையம்பதி வரை போகிற பஸ்ஸில் பத்து நிமிடம் இப்படிச் சொன்னால் அன்றைய பாடம் முடிந்தது. ஹெல்மெட் போட்ட பின் சீட்டுப் பாடத்துக்கு மெல்லிய குரலில் சொன்னால் போதும், ஓட்டுகிறவரைக் குழப்பக் கூடாது.

எந்த ஆன்லைன் கோர்ஸிலும் வராத நம்ம ஊர் ஆபத்துகளை வீட்டில் இருக்கிற பெரியவர்கள்தான் சொல்லிக்கொடுக்க வேணும். முதலாவது மாடு. பொழுதுபட்ட பிறகு தார் வீதியில் சூடு மிச்சம் இருக்கும், மாடுகள் அதில் வந்து படுக்கும். கறுத்த மாட்டில் வெளிச்சம் பட்டுத் திரும்பாது. இதைக் கணக்காகவே காட்டுங்கள். 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு 14 மீற்றர் போகிறோம். கண்டு, பிரேக்குக்குக் கால் போக ஒரு செக்கன். பிறகு காய்ந்த வீதியில் நிற்க இன்னும் 14 மீற்றர். மொத்தம் 28. அதே 70இல் 19 மீற்றரும் 28 மீற்றரும், மொத்தம் 47. லோ பீம் (முன் லைட்டைத் தாழ்த்திப் போடுவது) வெளிச்சம் உதவியாகக் காட்டுவது ஏறத்தாழ 40 மீற்றர்தான். அப்படியென்றால் இரவில் லோ பீமோடு 70இல் போகிறவர் மாட்டைக் காணும்போதே பிந்திவிட்டார். மழையென்றால் பிரேக் தூரம் இரட்டிப்பாகும் என்றே வைத்துக்கொள்ள வேணும். சட்டம் 70 என்று சொல்வது உச்ச எல்லை மட்டும்தான். அந்த வேகத்தில் போகச் சொல்லி அது கட்டாயப்படுத்தவில்லை.

வேளாண்மை வெட்டுக் காலத்தில் வீதி ஓரத்தில் நெல் காயப்போட்டிருக்கும். டயருக்கும் தாருக்கும் நடுவில் நெல்மணி உருளும். அதன்மேல் பிரேக் பிடித்தால் பைக் நிற்காது, வழுக்கும். வேகத்தை முதலே குறைத்து, பிரேக்கைத் தொடாமல் நேராகக் கடக்க வேணும். வெட்டு மெசின் வயலிலிருந்து வீதிக்கு ஏறும் இடங்களில் சேறும் இருக்கும், அங்கேயும் இதே முறைதான். மாரி மழையின் முதல் பத்து நிமிடம் மோசமானது, பல மாத எண்ணெய்ப் பிசுக்கு தண்ணீரோடு மேலே வரும்.

புகையிரதக் கடவை. ஏறாவூர், வந்தாறுமூலை, வாழைச்சேனைப் பக்கம் போகிறவருக்கு இது அன்றாட விசயம். கல்முனைப் பக்கம் ரயில் பாதையே இல்லாததால் அங்கத்தைய பிள்ளைகளுக்குப் பழக்கம் இருக்காது. கேற் இல்லாத கடவையில் முழுதாக நிற்க வேணும், காரென்றால் கண்ணாடியை இறக்கிப் பாட்டை நிறுத்திக் காது கொடுக்க வேணும், இரண்டு பக்கமும் பார்க்க வேணும், முதல் கியரில் கடக்க வேணும், தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றக் கூடாது. பைக்கில் தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்க வேணும். நனைந்த தண்டவாளத்தில் சரிவாக ஏறினால் முன் டயர் வழுக்கும். எதிர்ப்பக்கத்தில் வாகனம் நிற்க இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏற வேணும்.

வாவிக்கரை

எவ்வளவு விசயம்! எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. 18 ஆக இன்னும் ஒரு மாதம் இருக்குதே, அதுவரைக்கும் குறுக்கு ஒழுங்கைக்குள்ளால் ஸ்கூட்டியில் டியூசனுக்குப் போய்வர விடலாமா? கை பழகுமே என்று கேட்கிறான்.

சம்மாந்துறை வீதி

விட வேண்டாம் அக்கா. ஒழுங்கையும் வீதிதான். லைசன்ஸ் இல்லாமல் ஓடினால் குறைந்த தண்டமே 25,000 ரூபா, அதோடு வாகனத்தைக் கொடுத்தவர் மேலும் வழக்கு வரும். அதைவிடப் பெரியது காப்புறுதி. லைசன்ஸ் இல்லாதவர் ஓடி ஒருவருக்குக் காயம் பட்டால் காப்புறுதியை நம்பியிருக்க முடியாது, வைத்தியசாலைச் செலவும் நட்டஈடும் குடும்பத்தின் தலையில் விழும்.

இந்த ஒரு மாதத்துக்கு சைக்கிளைக் கொடுங்கள். சைக்கிளிலேயே எட்டு போடலாம், கைச் சமிக்ஞை பழகலாம், திரும்ப முதல் தோளுக்கு மேலால் பின்னுக்குப் பார்க்கிற பழக்கத்தை உண்டாக்கலாம். ஹேண்டிலில் 300, 400 ரூபாவுக்கு ஒரு கண்ணாடி பூட்டிவிட்டால், கண்ணாடியில் சிறிதாகத் தெரிகிற லொறி உண்மையில் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்ற மதிப்பும் வந்துவிடும். அதோடு ஹெல்மெட்டை இப்போதே வாங்குங்கள். பிள்ளையைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுப் பார்த்தே வாங்க வேணும். நாடிப் பட்டியைப் பூட்டிவிட்டு, பின்னுக்கிருந்து மேலே தள்ளிப் பாருங்கள். கழன்று முன்னுக்கு வந்தால் அளவு பெரிது. எஸ்எல்எஸ் (இலங்கைத் தரச் சான்று) முத்திரை உள்ளே ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் கிழமை கன்னத்தில் கொஞ்சம் இறுக்கும், பஞ்சு அமர்ந்ததும் சரியாகிவிடும்.